பிடிஎஸ் முடிப்பவர்களுக்கு நாடு முழுக்க ஒரே தேர்வு வைத்தால் பல் மருத்துவத்தின் தரம் உயருமா?

தங்கை பிடிஎஸ் இறுதியாண்டு படிக்கிறாள், நெக்ஸ்ட் என்ற எக்ஸிட் தேர்வு வரப் போவதாகச் சொல்கிறார்கள், அது வந்தால் கைத்திறமை உள்ளவர்கள் மட்டும்தான் வெளியே வருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேர்வு வந்துவிட்டது என்பதாலேயே தரம் உயராது. அந்த மார்க்கை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறார்கள், அந்த முடிவைத் தாங்கும் அளவுக்குத் தேர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் சொத்தை அடைப்பு, ரூட் கேனால் சொல்லித்தரும் துறையில் இருக்கிறேன். வேறு கல்லூரிகளுக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினராகவும் போய் வருகிறேன். அதனால் இப்போது நடப்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இறுதியாண்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் தியரிக்கு 100 மார்க். எழுத்துத் தேர்வு 70, வைவா என்ற வாய்மொழித் தேர்வு 20, கல்லூரியே போடும் இன்டர்னல் மார்க் 10. ப்ராக்டிகலுக்குத் தனியாக 100. அதில் 90 மார்க் அந்த ஒரு நாளில் செய்யும் வேலைக்கு. வருடம் முழுக்க ஓ.பி.யில் நின்று பார்த்த கேஸ்கள் எல்லாம் மிச்சமுள்ள 10 மார்க்குக்குள் அடக்கம். தியரி, ப்ராக்டிகல் இரண்டிலும் பாதி வாங்கினால் பாஸ்.

அந்த ஒரு நாளைக்குக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பல்செட் ப்ராக்டிகல் என்றால் மாணவர்கள் பல வாரம் முன்பே ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஈறு மேடு நன்றாக இருக்க வேண்டும், அளவெடுக்கும்போது குமட்டக் கூடாது, சொன்னபடி வாயை மூட வேண்டும். அப்படி ஒரு தாத்தா கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பஸ் செலவு, சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம் எல்லாம் மாணவி பொறுப்பு. சீனியர்கள் போகும்போது இந்தத் தாத்தாக்களின் போன் நம்பரை ஜூனியருக்குக் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. சில பேருக்கு எங்களைவிட அனுபவம் அதிகம். "இப்ப மெதுவா கடிக்கணும், அதானேம்மா?" என்று பதறிப்போய் நிற்கும் பெண்ணுக்கு அவரே எடுத்துக் கொடுப்பார். பக்கத்து நாற்காலியில் ஈறு முழுக்கத் தேய்ந்து தட்டையான ஒரு பாட்டியை வைத்துக்கொண்டு இன்னொரு மாணவி போராடிக்கொண்டிருப்பாள். இருவருக்கும் ஒரே மார்க் ஷீட்தான். மாலையில் வருகிற மார்க்கில் எவ்வளவு கைத்திறமை, எவ்வளவு தாத்தா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எங்கள் துறையில் கதை வேறு மாதிரி. கடைவாய்ப் பல்லின் பக்கவாட்டுச் சொத்தையை எடுத்து அமால்கம் என்ற பாதரசக் கலவையை அடைக்க வேண்டும். குழியின் சுவருக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், பக்கத்துப் பல்லில் கீறல் விழக் கூடாது, ஆழம் அதிகமாகி நரம்பைத் தொட்டுவிடக் கூடாது. வாய்க் கண்ணாடியையும் ப்ரோபையும் வைத்துச் சில நொடிகள் பார்த்துவிட்டு எக்ஸ்டர்னல் ஒரு மார்க் நினைப்பார், அதே கல்லூரி ஆசிரியரான இன்டர்னல் எக்ஸாமினர் ஒரு மார்க் நினைப்பார். "நீங்க சொல்லுங்க சார்", "இல்ல மேடம், நீங்களே சொல்லுங்க" என்று பேசி நடுவில் ஒரு எண்ணில் முடியும். அந்த இன்டர்னல், மாணவிக்கு வருடம் முழுக்கப் பாடம் எடுத்தவர். வெறுப்போ பிரியமோ இல்லாவிட்டாலும்கூட, முகம் தெரிந்த பிள்ளைக்குப் போடுகிற மார்க்கும் தெரியாத பிள்ளைக்குப் போடுகிற மார்க்கும் ஒன்றாக இருக்காது.

இது இந்தியாவின் தனி நோய் இல்லை. அமெரிக்காவில் படிப்பு முடிந்த பிறகும் உரிமத்துக்காக உயிருள்ள நோயாளியின் வாயில் வேலை செய்து காட்டச் சொல்லும் தேர்வு பல பத்தாண்டுகள் நடந்தது. தேர்வு விதிக்குப் பொருந்துகிற சொத்தை, ரொம்பச் சின்னதாகவும் இல்லாமல் ரொம்பப் பெரிதாகவும் இல்லாமல், உள்ள ஆளை மாணவரே பிடித்து வர வேண்டும். விமான டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் போட்டு அழைத்துப் போனவர்கள் உண்டு. காசு வாங்கிக்கொண்டு நோயாளி பிடித்துத் தருகிறவர்களும் முளைத்தார்கள். அதைவிட மோசம், சொத்தை இருப்பது தெரிந்தும் தேர்வு தேதி வரை அதை அடைக்காமல் விட்டு வைப்பது. நோயாளி அன்றைக்கு வராமல் போனால் மாணவர் கதி அவ்வளவுதான். நல்ல டாக்டரா என்று பார்க்க வைத்த தேர்வு, நல்ல டாக்டர் செய்யக் கூடாததையே செய்ய வைத்தது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் ரொம்ப நாளாக இந்தத் தேர்வைக் கைவிடச் சொல்லிக்கொண்டிருந்தும் பெரும்பாலான மாநிலங்கள் அசையவில்லை. 2020-ல் கோவிட் வந்து, நோயாளியை உட்கார வைக்கவே வழியில்லை என்றான பிறகுதான் பொம்மைத் தலையில் செயற்கைப் பல் வைத்து நடத்தும் தேர்வைப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. அந்தப் பல்லுக்குள் சொத்தை போலவே மெத்தென்ற ஒரு பகுதியை வைத்துச் செய்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பல், ஒரே சொத்தை.

அங்கே பல வருடங்களாக ஒழுங்காக இருக்கிற ஒரு விஷயம், மார்க் போடும் முறை. மூன்று எக்ஸாமினர்கள், ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல், தனித்தனியாகப் பார்க்கிறார்கள். வேலை செய்தது யார் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தேர்வுக்கு முன்பு மூவரையும் ஒரே அளவுகோலுக்குப் பழக்குகிறார்கள். இதற்குப் பெரிய பணமெல்லாம் வேண்டாம். நடுவே ஒரு திரையும் கொஞ்சம் மனசும் இருந்தால் நாளைக்கே நம் கல்லூரிகளில் செய்யலாம்.

அதற்காகப் பொம்மைத் தலை எல்லாவற்றையும் அளந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அதற்கு எச்சில் ஊறாது, நாக்கு குறுக்கே வராது, ஊசியைப் பார்த்து அழாது. பயந்து போன குழந்தையை நாற்காலியில் உட்கார வைக்கத் தெரியுமா என்பதை ஒரு நாள் தேர்வில் பிடிக்க முடியாது. பல மாதம், பல கேஸ், பல ஆசிரியர்கள் பார்த்துக் குறித்து வைத்தால்தான் பிடிபடும். அதற்குத்தான் நாம் 10 மார்க் ஒதுக்கியிருக்கிறோம்.

அப்புறம் பாஸ் மார்க். 50 என்பது எங்கிருந்து வந்தது? கேள்வித்தாள் எளிதாக இருந்தாலும் 50, கடினமாக இருந்தாலும் 50. அமெரிக்கத் தேர்வியல் நிபுணர் வில்லியம் ஆங்காஃப் 1971-ல் எழுதியதிலிருந்து கிளைத்த ஒரு முறை உலகம் முழுக்க உரிமத் தேர்வுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அனுபவமுள்ள டாக்டர்களை உட்கார வைத்து ஒவ்வொரு கேள்விக்கும், 'தனியாக நோயாளி பார்க்கத் தட்டுத்தடுமாறித் தேறும் நிலையில் உள்ள 100 பேரில் எத்தனை பேர் இதற்குச் சரியாகப் பதில் சொல்வார்கள்?' என்று கேட்பார்கள். அந்த மதிப்பீடுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்தத் தாளுக்கான பாஸ் மார்க் கிடைக்கும். அது 47 ஆகவும் இருக்கலாம், 63 ஆகவும் இருக்கலாம்.

இனி நெக்ஸ்ட். பழைய 1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் வந்த தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம், இந்த ஒரே தேர்வை உரிமம் கொடுக்கவும் எம்டிஎஸ் என்ற மேற்படிப்புச் சேர்க்கைக்கும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்கிறது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். உரிமத் தேர்வுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: இவரிடம் நோயாளியை நம்பி விடலாமா, கூடாதா? கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே இருப்பவர்களைச் சரியாகப் பிரிக்கும் கேள்விகள் அதற்கு வேண்டும். எம்டிஎஸ் சேர்க்கைக்கு வேண்டியது, மேலே இருக்கும் கெட்டிக்காரர்களில் யார் முதல், யார் இரண்டாவது என்று பிரிக்கும் அபூர்வமான, கடினமான கேள்விகள். ஒரே தாளில் இரண்டையும் திணித்தால் எதற்கும் முழுசாக உதவாது. சீட் போட்டி பெரிதாக ஆக, தாள் எம்டிஎஸ் பக்கமே சாயும். கோச்சிங் சென்டர்கள் அந்தப் பக்கம்தான் இழுக்கும். அப்புறம் இறுதியாண்டுப் பிள்ளைகள் ஓ.பி.யில் பல் பிடுங்கப் பழகுவதை விட்டுவிட்டு சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் எம்சிக்யூ கேள்வி ஆப்பில் உட்கார்ந்திருப்பார்கள். எம்டிஎஸ் நுழைவுத் தேர்வான நீட் எம்டிஎஸ்ஸுக்காக இப்போதே பயிற்சி வருடத்தில் இதைப் பார்க்கிறோம்.

அமெரிக்கர்கள் இதே சிக்கலில் மாட்டி வெளியே வந்தவர்கள். உரிமத்துக்கான தேசிய எழுத்துத் தேர்வின் மார்க்கை மேற்படிப்புக்குத் தரவரிசையாகப் பயன்படுத்தி வந்ததால், 2012 முதல் பாஸா ஃபெயிலா என்று மட்டும் சொல்வது என மாற்றிவிட்டார்கள். மேற்படிப்புக்கென்று 2016-ல் தனித் தேர்வு வந்தது. பழைய உரிம எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக 2020-ல் தொடங்கிய ஐஎன்பிடிஇ தேர்வில் 500 கேள்விகள், இரண்டு நாள். பாஸானவருக்கு மார்க் எவ்வளவு என்று சொல்வதே இல்லை. இங்கிருந்து போய் எழுதும் நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

பாடத்திட்டமும் பழசாகக் கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் அமால்கத்தையே பெரும்பாலும் நிறுத்திவிட்டது. நம் ஊர் கிளினிக்குகளிலும் பல் நிறத்தில் அடைப்பதுதான் வழக்கமாகிவிட்டது. ப்ராக்டிகலில் இன்னும் அமால்கம் குழி வெட்டச் சொல்கிறோம்.

கனடாவில், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்து வந்தவரை உரிமத்துக்காக மறுபடி நோயாளி வாயில் வேலை செய்து காட்டச் சொல்வதில்லை. கைவேலையைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள், கல்லூரியைச் சோதிப்பதை அங்கீகாரம் பார்த்துக்கொள்கிறது. இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் தலைகாட்டும் ஆசிரியர்கள் இருக்கும் வரை நம்மால் அப்படி நம்ப முடியாது. அந்த ஓட்டையை நெக்ஸ்ட் அடைக்காது.

உங்கள் தங்கைக்கு: அறிவிப்பு வந்ததும் கோச்சிங்குக்குப் பணம் கட்ட ஓட வேண்டாம். ப்ராக்டிகல் தனியாக இருக்கிறதா, யார் மார்க் போடுகிறார்கள், பாஸ் மார்க் எப்படி முடிவானது என்று முதலில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஓ.பி.யில் வருகிற கஷ்டமான கேஸைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடாமல் அவளே எடுத்துச் செய்யட்டும்.