அம்மாவின் நடையும் எடை மெஷினும்

வணக்கம் சார். அம்மாவுக்கு 64 வயது, எடை 86 கிலோ. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு மாதமாகத் தினமும் நடந்தும் ஒரு கிலோகூடக் குறையவில்லை. “இனி எதுக்குடா நடக்கணும்” என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. டிரெட்மில் வாங்கினால் பலன் இருக்குமா?
— க., ஈரோடு

அன்புள்ள க.,

“எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது” என்ற வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அந்த வயதில், அந்த உடம்போடு நான்கு மாதம் விடாமல் நடந்திருக்கிறார். பக்கத்தில் நிற்க வேண்டிய நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி?

என் அத்தை விடிவதற்குள் கோயில் பிரகாரத்தைப் பத்துச் சுற்று சுற்றிவிட்டு, எங்களுக்குக் காபி போட ஓடி வருவாள். மாதாமாதம் மருந்துக்கடை மெஷினில் ஏறுவாள். முள் நகராது. நாங்கள் சிரிப்போம். பார்த்த டாக்டரும் “எடையைக் குறைங்கம்மா” என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. ஒருநாள் நடப்பதை நிறுத்திவிட்டாள். இரண்டு வருஷத்தில் பக்கவாதம். நடந்திருந்தால் வந்திருக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

ரத்தக் குழாயின் உட்புறம் ஒரே ஒரு அடுக்குச் செல்கள்தான். வேகமாக நடக்கும்போது ரத்தம் அதை உரசிக்கொண்டு ஓடும். அந்த உரசலில் அந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடும், குழாய் தளர்ந்து விரியும். இந்த வாயு ரத்தக் குழாய்களுக்குச் சேதி சொல்வதைக் கண்டறிந்ததற்காகத்தான் 1998-ல் மூன்று பேருக்கு நோபல் கொடுத்தார்கள். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இந்த வேலை மந்தமாகிறது, குழாய் விறைக்கிறது. பருமன் அதைக் கூட்டுகிறது. அதனால் அம்மாவுக்குப் பலன் மெதுவாக வரலாம். ஆனால் எடை இறங்காமலே பிரஷர் இறங்கலாம், குழாய் இளகலாம். எடை மெஷினுக்கு இது எப்படித் தெரியும்? நான்கு மாதமாகக் கிலோவை எண்ணினீர்களே, பிரஷர் எவ்வளவு என்று ஒரு வரி எழுதினீர்களா? மாடிப்படியில் முன்பு எத்தனை இடத்தில் நின்றார், இப்போது எத்தனை? கேட்டுப் பாருங்கள்.

வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகம் போதும். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் சேரட்டும். நெஞ்சு அடைத்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரையில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

டிரெட்மில்லா? உங்கள் இஷ்டம். அம்மா நடந்து திரும்பும்போது காபி மட்டும் நீங்கள் போட்டு வையுங்கள். அடுத்த கடிதத்தில் பிரஷரை எழுதுங்கள், எடை வேண்டாம்.