அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது, நன்றாக இருக்கிறார். மாத்திரைகளை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. நான் மருந்துக்கடையில் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. ஆனால் மாரடைப்பு வந்தவர்களின் சீட்டு தினமும் கைக்கு வருகிறது, அதில் எதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்பதும் தெரிகிறது.

பெரும்பாலும் விடுவது, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினுடன் சேர்த்துக் கொடுக்கும் இரண்டாவது மாத்திரையைத்தான், அதாவது குளோப்பிடோக்ரல் அல்லது டைகாக்ரிலோர். ஸ்டென்ட் என்பது உலோக வலை. அதன் மேல் ரத்தக்குழாயின் உள்தோல் முழுதாகப் படர மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் மாத்திரையை விட்டால் வலை மேலேயே ரத்தம் கட்டி மறுபடியும் அடைப்பு வரலாம். மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக 12 மாதம் இரண்டும் சேர்ந்து ஓடும், அதன்பின் ஒன்று மட்டும், பெரும்பாலும் ஆஸ்பிரின், ஆயுளுக்கும் தொடரும். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு முன்பே குறைப்பார்கள், அதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். பல் பிடுங்கப் போகிறோம் என்று வீட்டிலேயே ஐந்து நாள் நிறுத்திவிட்டு வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் நிறுத்தாமலேயே பல் எடுக்கலாம், பல் டாக்டரையும் இதய டாக்டரையும் பேசவிடுங்கள். விலை இடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், டைகாக்ரிலோரைவிட குளோப்பிடோக்ரல் மலிவு, மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். டைகாக்ரிலோரால் மூச்சுவாங்கல், பிரஷர் மாத்திரையான ராமிப்ரிலால் வறட்டு இருமல் வருவதுண்டு, அவற்றுக்கும் மாற்று இருக்கிறது.

அடுத்து கொழுப்பு மாத்திரை. "ரிப்போர்ட்ல நார்மல்னு வந்துடுச்சு சார்" என்பார்கள். அந்த நார்மல் எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்தது. மாரடைப்பு வந்தவருக்கு கெட்ட கொழுப்பு (ரிப்போர்ட்டில் LDL என்று இருப்பது) 70க்குக் கீழே, பல டாக்டர்கள் 55க்குக் கீழே என்கிறார்கள். அதோடு ஸ்டாட்டின் எனும் இந்தக் கொழுப்பு மாத்திரையின் வேலை எண்ணைக் குறைப்பது மட்டுமில்லை, குழாயில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்பு வெடிக்காமலும் பார்த்துக்கொள்கிறது. மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கிறேன், அதனால் இது வேண்டாம் என்பதெல்லாம் சரிவராது.

எனக்கு இதைவிடக் கவலை, சீட்டு இல்லாமல் எங்கள் கடைகளில் கேட்டு வாங்குவதுதான். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் இரண்டும் இதய நோயாளிக்கு ஆகாது. கேஸ் மாத்திரையில்கூட ஒமிப்ரசோல் குளோப்பிடோக்ரலின் வேலையைக் குறைக்கும், அதனால்தான் டாக்டர்கள் பான்டோப்ரசோல் எழுதுகிறார்கள். அப்புறம், வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சொல்கிறேன்: நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர், ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் (வயாக்ரா) வகை மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும்.

பீடி, சிகரெட் அடியோடு நிற்க வேண்டும், குறைத்துக்கொண்டேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதில் அடக்கம். டாக்டர் சரி என்றதும் வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடக்கட்டும், சாப்பிட்ட உடனே வேண்டாம்.

சார்பிட்ரேட் எழுதிக் கொடுத்திருந்தால் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். நெஞ்சு வலித்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது சர்க்கரை, பிரஷர் மாத்திரை உட்பட எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், எது எதுவரை என்று சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.