நீங்கள் போனது வேறு பாலம், அதனால்தான் பக்கத்தில் ஸ்டேஷன் கிடைக்கவில்லை

சிங்கப்பூரில் பழைய ரயில் பாதையை நடைபாதையாக மாற்றிய ரயில் காரிடாரில் இரண்டு பழைய எஃகு ட்ரஸ் பாலங்கள் (எஃகுச் சட்டங்களை முக்கோணங்களாகக் கோத்துக் கட்டியவை) இருக்கின்றன. "பாலம் வந்துவிட்டது, பழைய ஸ்டேஷன் எங்கே?" என்று நீங்கள் தேடிக்கொண்டிருந்தது ரயில் மால் என்ற கடைவரிசைக்குப் பக்கத்தில் அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே போகும் பாலம். நீங்கள் தேடிய பழைய புக்கிட் தீமா ரயில் ஸ்டேஷனோ புக்கிட் தீமா சாலைக்கு மேலே போகும் மற்றப் பாலத்தை ஒட்டி இருக்கிறது.

பெயர்கள் இவ்வளவு ஒத்திருப்பதால் மேப்பில் தேடும்போதே மாறியிருக்கும்.

உங்கள் போட்டோவை ஒருமுறை பாருங்கள், சாலையோரம் வரிசையாகக் கடைகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது ரயில் மால்தான்.

அடுத்த முறை கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ) ஸ்டேஷனில் இறங்கி, புக்கிட் தீமா சாலைப் பாலத்தின் மேல் ஏறித் தெற்குப் பக்கமாக நடந்தால் சிறிய செங்கல் கட்டடம் வரும், அதுதான் பழைய ஸ்டேஷன். 1932 கட்டடம் அது, கட்டாயம் பாருங்கள். 2011 ஜூலை 1 முதல் இந்த வழியில் ரயில் இல்லை, தண்டவாளத்தைப் பெரும்பாலும் பெயர்த்துவிட்டார்கள், ஆனால் இரண்டு பாலங்களிலும் ஸ்டேஷனிலும் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறார்கள். அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். ஒரு பாலத்திலிருந்து மற்றதற்குக் காரிடார் வழியே நடந்தே போகலாம், அருமையான நடை, ஆனால் நடுவில் நிழல் இல்லாத இடங்களும் உண்டு, மழைக்கு அப்புறம் சில இடங்களில் வழுக்கும். குழந்தைகளோடு என்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.