ராமநாதபுரம் கடற்கரையில் பெரணிச் செடி நிழலிலும் கருகுவது ஏன்?

தொண்டியில் வேப்பமரத்தடியில் வைத்த பெரணி நுனி கருகுகிறது, நிழல் போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நிழல் போதும். பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். நம் கடற்கரை ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் உவர்ப்பு. ஊற்ற ஊற்ற நீர் ஆவியாகி, உப்பு மட்டும் மண்ணில் தங்கும். வேர் நீரை இழுக்கத் திணறும். இலை நுனியிலிருந்து காயும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்து அதையே ஊற்றுங்கள். தரையில் நடாமல் தொட்டியிலேயே வையுங்கள். தேங்காய் நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். கூடவே இலைமக்கு, மணல், நம்மூரில் எளிதாகக் கிடைக்கும் சீமைக்கருவேலக் கரித்துண்டு கொஞ்சம்.

பாஸ்டன் பெரணி தாக்குப்பிடிக்கும். மெல்லிய இலை கொண்ட அடியாண்டம் வேண்டாம், ஆடிக் காற்றில் சுருண்டுவிடும், பார்க்கவே மனசு கேட்காது. உவர்நீர் தவிர வழியே இல்லையென்றால் அலையாத்திக் காடுகளில் வளரும் அக்ரோஸ்டிகம் பெரணியைத் தேடுங்கள். உப்பைத் தாங்கும், ஆள் உயரம் வளரும்; ஆனால் அடிமண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும்.

இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் வந்தால் மருந்து அடித்துவிடாதீர்கள். அவை நோயல்ல, பெரணி இனம் பெருக்கும் வித்துத்தூள் (ஸ்போர்) பைகள்.