முன்பின் தெரியாதவர் படகில் ஏறலாமா?

கேனரி தீவுகளிலிருந்து கரீபியனுக்கு ஒரு வெளிநாட்டுத் தம்பதியின் பாய்மரப் படகில் க்ரூவாக (படகை ஓட்ட உதவும் ஆளாக) போய்வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் நாலு பத்தி எழுதியிருந்தேன். படகை இணையத்தில் தேட ஆரம்பித்தேன் என்று அதில் ஒரு வரி வரும். வந்த கடிதம் அத்தனையும் அந்த ஒரு வரிக்குத்தான். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 29. நீச்சல் தெரியும், பாய்மரப் படகில் கால் வைத்ததில்லை. ‘அட்லாண்டிக் கடக்க ஆள் தேவை, அனுபவம் அவசியமில்லை’ என்று இணையத்தில் பார்க்கிறேன். நிஜமா, ஏமாற்று வேலையா? படகு வாங்கும் அளவுக்குப் பணம் உள்ளவர் என்னைப் போன்ற கத்துக்குட்டியை எதற்குத் தேடுகிறார்?
– ஐ.டி. ஊழியர், கோவை

பதில்: பெரும்பாலும் நிஜம்தான். படகு வைத்திருப்பவர் எல்லாம் கோடீஸ்வரர் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் வீட்டை விற்றுவிட்டு நாற்பதடிப் படகிலேயே குடியிருக்கும் ஓய்வுபெற்ற தம்பதிகள். அவர்களுக்கு வேண்டியது இரவில் தூங்காத இரண்டு கண்கள்.

கணக்கைப் பாருங்கள். கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியன் தீவான செயின்ட் லூசியாவுக்கு ஏறக்குறைய 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். அந்த அளவுப் படகு ஒரு நாளைக்கு 130 மைல் போனாலே நல்ல ஓட்டம், ஆக மூன்று வாரம். சுக்கானைப் பிடிக்க ஆட்டோபைலட் இருக்கிறது, ஆனால் எதிரே சரக்குக் கப்பல் விளக்கு தெரிந்தால், காற்று திடீரென்று ஏறிப் பாயைச் சுருக்க வேண்டி வந்தால், ஒரு மனிதர் விழித்திருக்க வேண்டும், அதுவும் 24 மணி நேரமும். இரண்டே பேர் என்றால் மூன்று வாரத்துக்கு ஒருநாள்கூட முழுத் தூக்கம் கிடையாது. நாலு பேர் இருந்தால் மூன்று மணி நேரம் வாட்ச் (விழித்திருந்து காவல்), ஒன்பது மணி நேரம் ஓய்வு. கணவன் மனைவி சண்டை போடாமல் கரை சேர்வதற்கும் நாலு பேர் நல்லது (இது என் சொந்தக் கண்டுபிடிப்பு). சில இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இத்தனை பேர் இருந்தால்தான் பாலிசி என்று சொல்லிவிடுகின்றன.

தேடுவதற்கு ஒரு பருவம் உண்டு. கரீபியன் புயல் காலம் நவம்பர் 30 வரை என்பது கணக்கு, அதனால் நவம்பரில் படகுகள் லாஸ் பால்மாஸில் வந்து குவியும். 1986-லிருந்து நடக்கும் ‘ஏஆர்சி’ என்ற கூட்டுப் பயணமும் நவம்பர் கடைசியில் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆகவே ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஃபைண்ட் எ க்ரூ, க்ரூபே, க்ரூசீக்கர்ஸ் மாதிரித் தளங்களில் பெயரைப் பதிந்துவிடுங்கள். டிசம்பரில் போய்த் தேடுவது தீபாவளிக்கு மறுநாள் பட்டாசு வாங்கப் போவது மாதிரி.

தன்விவரத்தில் ‘கடல் என் கனவு’ என்று எழுதாதீர்கள். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள், கேப்டன்கள் படித்துப் படித்துச் சலித்துவிட்டார்கள். படகு ஆடும்போதும் சமைப்பீர்களா, எலெக்ட்ரிக்கல் வேலை தெரியுமா, எத்தனை நாள் லீவு இருக்கிறது (காற்றில்லாமல் பத்து நாள் தாமதமானால் வேலை போகுமா?), கடலில் குமட்டுமா, இதையெல்லாம் எழுதுங்கள். அனுபவம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். தெரிந்ததாகச் சொல்லிப் போனால் முதல் நாள் வின்ச்சில் (பாய்க் கயிற்றை இழுக்கும் உருளை) கயிறு சுற்றும்போதே குட்டு உடைந்துவிடும், அதோடு விரலும் போகலாம்.

கேள்வி: நேரில் பார்ப்பதற்கு முன்பே இடத்தை உறுதி செய்ய 1,500 யூரோ அனுப்பச் சொல்கிறார் ஒரு கேப்டன். படங்கள் பிரமாதமாக இருக்கின்றன.
– வாசகர், திருச்சி

பதில்: அனுப்பாதீர்கள். படங்கள் யாருடைய படகோ! சாப்பாடு, டீசல், துறைமுகக் கட்டணம் இவற்றைப் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம்தான், நாளுக்கு 10 முதல் 30 யூரோ வரை கேட்பார்கள், அதைப் படகில் ஏறிய பிறகு கொடுத்தால் போதும். அதற்கு மேல் பெரிய தொகை வாங்கினால் நீங்கள் க்ரூ இல்லை, டிக்கெட் எடுத்த பயணி. அப்படி ஏற்றிச் செல்லத் தனி உரிமம், தனி இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்கிற காரியமா?
– கல்லூரி ஆசிரியர், சென்னை

பதில்: நடக்கும், ஆனால் தலைவலி அதிகம். கேனரி தீவுகள் ஸ்பெயினைச் சேர்ந்தவை, எனவே ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். விமானத்தில் போய்ப் படகில் வெளியேறப் போகிறவரிடம் திரும்பும் விமான டிக்கெட் எப்படி இருக்கும்? அதனால் படகின் பெயர், பதிவு எண், புறப்படும் தேதி போட்டு கேப்டனிடம் ஒரு கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். லாஸ் பால்மாஸில் கிளம்பும்போது வெளியேறுவதைக் குடியேற்ற அதிகாரிகளிடம் பதிவு செய்யாமல் படகேறாதீர்கள், அடுத்த முறை விசா கேட்கும்போது அது பேயாக வந்து நிற்கும்.

அக்கரையில் இன்னொரு சிக்கல். கேப்டன் கொடுக்கும் க்ரூ பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும்வரை உங்களுக்கு அவர்தான் பொறுப்பு. ஊர் திரும்ப டிக்கெட் இருக்கிறது என்று காட்டினால்தான் பல தீவுகளில் உங்களை இறக்கிவிட்டுப் படகு கிளம்ப முடியும். நம் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சில கேப்டன்கள் பின்வாங்குவது பெரும்பாலும் இதனால்தான், எல்லாவற்றையும் இனவெறி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் (சிலரிடம் அதுவும் உண்டு). முதல் கடிதத்திலேயே பாஸ்போர்ட் எது, திரும்பும் செலவு என்னுடையது என்று எழுதிவிட்டால் பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், செயின்ட் லூசியாவின் வடமுனையில் நின்றால் வானம் தெளிவாக இருக்கும் நாளில் மார்ட்டினிக் தீவு கண்ணுக்குத் தெரியும். அது பிரான்ஸின் ஒரு பகுதி. ‘ஷெங்கன் விசாதான் கையில் இருக்கிறதே’ என்று கேப்டன் அங்கே திருப்பினால் தடுத்துவிடுங்கள். பிரான்ஸின் கடல் கடந்த பகுதிகள் ஷெங்கனுக்குள் வராது, சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது.

கேள்வி: தனியாகப் போக ஆசை. நான் பார்த்த விளம்பரங்களில் சில ‘25 முதல் 35 வயதுப் பெண் க்ரூ விரும்பத்தக்கது’ என்கின்றன. போகலாமா? வீட்டில் சொன்னால் கொன்றே போடுவார்கள்.
– பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: அந்த விளம்பரங்களுக்குப் போகவே வேண்டாம். கயிறு இழுப்பதற்கு வயது வரம்பு எதற்கு என்று உங்களுக்கே தோன்றியிருக்கும், அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள்.

மற்றபடி, பெண் என்பதற்காகக் கடலை விட வேண்டியதில்லை. புதுச்சேரிப் பெண் ரூபாவும் கோழிக்கோட்டுப் பெண் தில்னாவும், இரண்டு பேரும் கடற்படை அதிகாரிகள், 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் கிளம்பி உலகத்தையே சுற்றிவிட்டு 2025 மே மாதம் வந்து சேர்ந்தார்கள். ஆனால் அவர்கள் பல வருடம் சேர்ந்து பயிற்சி எடுத்தவர்கள். உங்கள் விஷயத்தில் அடுத்த படுக்கையில் இருப்பவர் யார் என்பதுதான் முழுப் பிரச்சினையும். நடுக்கடலில் ‘வண்டியை நிறுத்துங்க, இறங்கிக்கிறேன்’ என்று சொல்ல முடியாது.

தம்பதி அல்லது குடும்பம் இருக்கும் படகாகப் பாருங்கள், இல்லையென்றால் உங்களைப் போலவே வெளியிலிருந்து வரும் இன்னொரு க்ரூவாவது இருக்க வேண்டும். முன்பு அந்தக் கேப்டனோடு போன இரண்டு பேரின் தொடர்பைக் கேளுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நல்ல கேப்டன் இதற்குக் கோபப்பட மாட்டார், கோபப்பட்டால் வேலை மிச்சம். வீடியோவில் பேசும்போது கதவுள்ள தனி அறை உண்டா என்று வாய்விட்டே கேளுங்கள், படகையும் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். போய் இறங்கியதும் துறைமுகத்தில் இரண்டு நாள் வெளியே அறை எடுத்துத் தங்கி, பக்கத்துப் படகுக்காரர்களிடம் சும்மா பேச்சுக் கொடுங்கள். யார் குடித்துவிட்டுக் கத்துகிறார், யாருடைய க்ரூ பாதியில் ஓடிப்போனார் என்பதெல்லாம் அங்கே ஒரு காபியில் தெரிந்துவிடும். படகின் பெயர், எந்த நாட்டுக் கொடி, ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண் (ரேடியோவில் படகை அடையாளம் காட்டும் எண்), கேப்டனின் பாஸ்போர்ட் நகல் நாலும் வீட்டில் ஒருவரிடமாவது இருக்கட்டும். திரும்பும் காசு உங்கள் கணக்கில் இருக்கட்டும், கேப்டன் கையில் வேண்டாம்.

வீட்டில் சொல்லிவிட்டே போங்கள். அதற்கு என்னிடம் வழி எதுவும் இல்லை.

கேள்வி: உங்களுக்கு இணையத்திலேயே நல்ல படகு கிடைத்துவிட்டதா?
– வாசகி, மதுரை

பதில்: இல்லை, அதைச் சென்ற முறை எழுதாமல் விட்டது என் தப்பு. மூன்று மாதம் தேடி, வாரம் ஒரு முறை பேசி, ஒரு படகை முடிவு செய்து விமானம் ஏறினேன். ஆள் தங்கமானவர், சிரித்த முகம், படகும் படத்தில் பார்த்தது போலவே பளபள. உள்ளே போய் லைஃப் ராஃப்ட் (உயிர்காப்பு மிதவை) பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தால், சோதனைக்குக் கொடுக்க வேண்டிய கெடு முடிந்து நாலு வருடம். கேட்டதற்கு ‘அதை இதுவரை உபயோகித்ததே இல்லையே’ என்றார்! ஈபிர்ப் கருவி எங்கே என்றேன் (ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் மஞ்சள் கருவி). இருந்தது, ஆனால் பழைய உரிமையாளர் பெயரில் பதிவாகியிருந்தது. அழுத்தினால் மீட்புக்குழு அவருடைய வீட்டுக்குத்தான் போன் செய்திருக்கும்.

அன்றிரவு தூங்கவில்லை. இத்தனை தூரம் வந்துவிட்டோம், எல்லாரிடமும் சொல்லிவிட்டோம், என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒரு மனது சொல்லிக்கொண்டே இருந்தது. 2018-இல் தனியாக உலகைச் சுற்றும் படகுப் பந்தயத்தில் போன நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து முதுகில் அடிபட்டுக் கிடந்தாரே, அவரைத் தூக்க ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து சேர மூன்று நாள் ஆனது. அதுவும் உலகமே தேடிய ஒரு பந்தய வீரருக்கு. காலையில் நன்றி சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

நான் போன படகு அதற்கு நாலாம் நாள் கிடைத்தது, துறைமுகத்தில் துணி துவைக்கும் அறையின் அறிவிப்புப் பலகையில், கையால் எழுதிய ஒரு சீட்டில். அந்தப் படகுக்கார அம்மாள் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, ‘பாத்திரம் கழுவுவாயா?’ மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கடலில் ஒரு சுற்று போய்வந்தோம். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன், கணவர் கயிறு சிக்கியபோது கத்தாமல் சிரித்தார், சரி என்று தோன்றியது. பெண் பார்க்கும் படலம் மாதிரிதான். இணையம் உங்களைத் துறைமுகம் வரை கொண்டுபோய்விடும், அந்த ஒரு நாள் சுற்று போகாமல் மட்டும் யாரோடும் கிளம்பாதீர்கள்.

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம், மீனவக் குடும்பம். அப்பாவோடு தூத்தூர்ப் படகுகளில் லட்சத்தீவு தாண்டி முப்பது நாள்வரை தங்கி மீன் பிடித்திருக்கிறேன். சான்றிதழ் எதுவும் இல்லை. என்னை எடுப்பார்களா?
– வாசகர், 24 வயது

பதில்: தம்பி, இந்த இதழில் கேள்வி கேட்ட எல்லாரையும்விட உங்களுக்குத்தான் தகுதி அதிகம். இரவு வாட்ச், சரக்குக் கப்பல் விளக்கை வைத்து அது எந்தப் பக்கம் போகிறது என்று கணிப்பது, டீசல் என்ஜின் மக்கர் செய்தால் கடலிலேயே பிரித்துப் போடுவது, இதெல்லாம் உங்களுக்கு இரத்தத்தில் இருக்கிறது. 2017 ஒக்கியைப் பார்த்த ஊர்க்காரருக்கு உயிர்காப்புக் கருவிகள் ஏன் வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆனால் தன்விவரத்தில் வெறுமனே ‘மீனவர்’ என்று எழுதினால் வெளிநாட்டுக் கேப்டனுக்குக் கரையோரம் வலை வீசும் ஆள்தான் நினைவுக்கு வரும். எத்தனை பயணம், ஒவ்வொன்றும் எத்தனை நாள், கரையிலிருந்து எத்தனை மைல், எந்த என்ஜின், எத்தனை இரவு வாட்ச் என்று எண்களாக எழுதுங்கள். ஒருவருடைய சொந்தப் படகில் க்ரூவாகப் போவதற்குச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. ஐந்து நாளில் முடிகிற, ஆர்ஒய்ஏ என்ற பிரிட்டிஷ் படகோட்டச் சங்கத்தின் ‘காம்பிடென்ட் க்ரூ’ பயிற்சியைக் காசு சேர்ந்தால் முடித்துவிடுங்கள், அவர்கள் பேசும் பெயர்கள் பழகும். பாயில் ஓடும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும், என்ஜின் சத்தம் இருக்காது, அது மட்டும் உங்களுக்குப் புதிது. உங்கள் தாத்தா கேட்டால் சிரிப்பார், அவர் பாய் கட்டித்தானே ஓடியிருப்பார்.

உங்களுக்கு அட்லாண்டிக்கைவிடப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. வாடைக்காற்று அடிக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை தாய்லாந்து, மலேசியாப் பக்கமிருந்து மேற்கே போகும் படகுகள் இலங்கையின் காலி, மாலத்தீவு, சில கொச்சி என்று நின்று போகும். அவற்றில் ஆள் கேட்டு இணையத்தில் போடுகிறார்கள். ஒன்று மட்டும்: கொச்சியில் தெரிந்தவர் படகுதானே என்று குடியேற்றத் துறை முத்திரை இல்லாமல் ஏறிவிடாதீர்கள், மீன்பிடிப் படகு மாதிரி இல்லை இது. சம்பளம் பேசினால் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
– வாசகர், சேலம்

பதில்: சூட்கேஸ் வேண்டவே வேண்டாம், படகில் அதை வைக்க இடமே இருக்காது. மடக்கினால் சுருளும் துணிப் பை. தலைவிளக்கு ஒன்று, சிவப்பு வெளிச்சம் வருவதாகப் பாருங்கள், இரவில் கண் கூசாது. குமட்டல் மாத்திரை டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், வாந்தி வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து கடலுக்குத்தான். பெரும்பாலும் மூன்றாம் நாள் சரியாகிவிடும். ஊறுகாயைக் கண்ணாடிப் பாட்டிலிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கொஞ்சம் அதிகமாகவே எடுங்கள், இரண்டாவது வாரம் அந்தத் தம்பதியும் கேட்பார்கள்.