நாய் தோண்டிய குழிக்காக அட்வான்ஸ் முழுவதும் போய்விடுமா?

கேள்வி: திருச்சியில் ஒரு வீட்டின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார். எங்கள் டாஷண்ட் நாய் மண்ணைக் கண்டால் விடாது, தோண்டிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் காம்பவுண்டு சுவரை ஒட்டி அஸ்திவாரக் கல் தெரிகிற அளவுக்குக் குழி. வேலிக்கு அடியில் புகுந்து பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியையும் கிளறிவிட்டது. “நாயை எப்போதும் சங்கிலியில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் பத்து நாளில் காலி செய்யுங்கள், மோட்டாரை நிறுத்திவிடுவேன், சுவருக்காக அட்வான்ஸ் 40,000 ரூபாயையும் எடுத்துக்கொள்வேன்” என்கிறார் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைத்துவிடுவேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த விஷப் பேச்சைப் பார்ப்போம் சகோதரி. மற்றதெல்லாம் மண்ணும் பணமும். இது உயிர்.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவுப்படி, ஒரு விலங்குக்கு விஷம் வைப்பதும் கொல்வதும் ஊனமாக்குவதும் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் அந்த விலங்கு எத்தனை ரூபாய் பெறும் என்ற கணக்கு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அது கிடையாது. நாட்டு நாயோ விலை கொடுத்து வாங்கிய நாயோ, எல்லாம் ஒன்றுதான்.

ஆனால் நேராகக் காவல் நிலையத்துக்குப் போகாதீர்கள். அவர் பாடுபட்டு வளர்த்த கீரை போயிருக்கிறது, கோபம் நியாயமானது. இன்றைக்கே போய் மன்னிப்புக் கேட்டு நஷ்டத்தைக் கொடுங்கள். நாய் கிளறியதற்காக உங்கள்மீது குற்ற வழக்கு நிற்பது கடினம். சேதம் விளைவிக்கும் எண்ணமோ, சேதம் வரும் என்று தெரிந்தே செய்ததோ இருந்தால்தான் அது குற்றம். ஆனால் வேலிக்கடியில் போகும் என்று தெரிந்தபிறகும் அடைக்காமல் விட்டால் அது உங்கள் கவனக்குறைவு, உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். பணம் கொடுத்தபிறகும் விஷம் என்று பேசினால், என்றைக்கு, யார் முன்னிலையில், என்ன வார்த்தை சொன்னார் என்று எழுதிப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதாகக் காவல் நிலையம் தரும் சீட்டு) வாங்கி வையுங்கள்.

அடுத்தது வீட்டுக்காரர். பத்து நாளில் காலி செய் என்று வாயால் சொல்வதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் குறித்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி நீங்களாகக் காலி செய்தால் ஒழிய, வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. மோட்டாரை நிறுத்துவது, கரண்டைத் துண்டிப்பது எல்லாம் அந்தச் சட்டமே தடை செய்த காரியங்கள். நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள், உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அங்கே வாதாடுவது சிரமம். ஆகவே முதலில் அதைப் பாருங்கள். நாய் வளர்க்கக் கூடாது என்று அதில் ஏதாவது வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கும்.

சுவர் விஷயத்தில் உங்கள் பக்கமும் பொறுப்பு இருக்கிறது, மறைக்க வேண்டாம். குடியேறியபோது இருந்த நிலையில் வீட்டைத் திருப்பிக் கொடுப்பது வாடகைதாரரின் கடமை. வழக்கமான தேய்மானத்துக்கு விலக்கு உண்டு. சொத்து மாற்றச் சட்டம் 108ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. உங்களால் வந்த பழுதைக் குறிப்பிட்டு உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்தால் 3 மாதத்துக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டுக் குழியைக் கல்லும் மண்ணும் போட்டுக் கெட்டித்து மூடுங்கள். மூடுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள், கூலி ரசீதை வையுங்கள்.

மூடும் முன் குழியை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். நாய் தோண்டினால் வாய் அகலமாக இருக்கும், மண் பின்னால் சிதறிக் கிடக்கும், ஆழம் போகப்போகக் குறுகும். சுவருக்கு அடியில் வளைந்து வளைந்து பொந்து போகிறதென்றால் அது பெருச்சாளி வேலை. சாக்கடை ஓரச் சுவர்களில் இது சாதாரணம், உள்ளே பெருச்சாளி வாசம் பிடித்துத்தான் நாயே அங்கு தோண்டும். அப்படியானால் 40,000 ரூபாயையும் உங்கள் தலையில் கட்ட முடியாது. நாயால் வந்த சேதம் எவ்வளவு என்று காட்ட வேண்டியது அவர். அட்வான்ஸில் நியாயமான செலவை மட்டும் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்பித் தர வேண்டும். கணக்கில்லாமல் முழுவதையும் வைத்துக்கொள்ள முடியாது.

நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டு என்று அவர் கேட்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். நியாயமற்ற நேரத்துக்குக் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதையும், கட்டியே வளர்க்கும் நாயை நடத்திக் கூட்டிப்போகாமல் விடுவதையும் 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கொடுமை என்றே சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். இத்தனை வருடமாகியும் அந்தத் தொகையை உயர்த்தாதது எனக்கு மனவருத்தம் தருகிறது. அபராதம் சின்னது என்பதால் கொடுமை சின்னதாகிவிடாது. வளையில் புகுந்து வேட்டையாடவே வளர்த்தெடுத்த இனம் உங்களுடையது, கட்டி வைத்தால் தோண்டும் ஆசை போகாது, குரைப்புதான் கூடும்.

சங்கிலிக்குப் பதில் வேலியைப் பலப்படுத்துங்கள். வேலி நெடுகக் கம்பி வலையை ஒரு முழ ஆழத்துக்குப் புதைத்து மேலே கடப்பாக்கல் துண்டுகளைப் பதித்துவிடுங்கள். நிழலான மூலையில் ஒரு பாத்தி ஆற்று மணலை அதற்கென்றே விடுங்கள், வெயில் காலத்தில் குளிர்ச்சிக்காகவும் நாய் பள்ளம் பறிக்கும். காலையும் மாலையும் நன்றாக நடத்துங்கள். வேலியை அடைப்பது அவசரம். இன்றைக்குக் கீரைப் பாத்தி, நாளைக்கு அதே வழியாகத் தெருவுக்கு வந்து யாரையாவது கடித்தால், விலங்கைக் கட்டுப்படுத்தாமல் அலட்சியமாக விட்டதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு உங்கள்மீது பாயும். 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையும் மாநகராட்சி உரிமமும் கையில் இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்து முடித்ததும், என்னென்ன செய்தீர்கள் என்று வீட்டுக்காரருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். மாடியில்தானே இருக்கிறார் என்று வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள்.