மாமாவின் திர்ஹாம் எங்கே போனது? – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

களியக்காவிளைப் பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறேன். உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவன். நீங்கள் வங்கியில் இருந்தவர் என்பதால் இதைக் கேட்கிறேன்.

என் அக்கா மகன் மார்த்தாண்டத்தில் டிப்ளமோ படிக்கிறான். கூடப் படிக்கிற பையன் கேட்டான் என்று தன் பேங்க் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுத்திருக்கிறான். மாதம் ஐயாயிரம் தருவதாகப் பேச்சு. இப்போது கணக்கை முடக்கிவிட்டார்கள். வடக்கே எங்கோ உள்ள சைபர் போலீஸின் உத்தரவாம். இங்கே ஒரு வக்கீல், "இது அமலாக்கத்துறை வரைக்கும் போகும், பிஎம்எல்ஏ கேஸ்" என்று சொல்லிவிட்டார். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டமாம். அக்கா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

அப்பா வேறு மாதிரி பேசுகிறார். "எண்பதுகளில் உன் மாமா ஷார்ஜாவிலிருந்து அனுப்பியதெல்லாம் குழல்பணம்தான், அதாவது ஹவாலா. பைக்கில் ஒருத்தன் கொண்டுவந்து தருவான். ஒரு போலீசும் கேட்டதில்லை. இப்போ வெள்ளைக்காரன் சொன்னான் என்று சட்டமாகப் போட்டு ஏழைப் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள்" என்கிறார். போதைக் கடத்தல்காரர்களுக்காகக் கொண்டுவந்த சட்டம்தானே இது? நம்மைப் போன்ற நாட்டுக்கு இது தேவையா? அப்பா அன்று செய்ததும் குற்றமா?

என் பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

அப்பாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போலீஸ் கேட்டதில்லை என்பது சரிதான். அதனால் குற்றமில்லை என்று ஆகிவிடாது. அன்றைக்கு அமலில் இருந்தது 1973-ஆம் ஆண்டின் ஃபெரா என்ற அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம். வெளிநாட்டில் இருப்பவர் சார்பாக, அனுமதி பெற்ற வங்கி வழியாக இல்லாமல் பணம் வாங்குவதே அதன்படி குற்றம். கொண்டுவந்து கொடுத்தவனோடு சேர்த்து வாங்கியவருக்கும் அது பொருந்தும். 2000-இல் அதற்குப் பதிலாக ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் வந்த பிறகு அது சிறைக்கு அனுப்பும் குற்றமாக இல்லாமல், தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் போடக்கூடிய மீறலாக மாறியது. இன்றைக்கும் சட்டம் அதுதான்.

ஆனால் அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் நான் கவுண்டரில் இருந்தேன், எங்கள் பக்கத்து லட்சணம் எனக்குத் தெரியும். வளைகுடாவிலிருந்து டிராஃப்ட் ரிஜிஸ்தர் தபாலில் வரும். அதை வாங்கிக் கலெக்ஷனுக்கு அனுப்புவோம். பணம் கணக்கில் ஏறுவதற்குள் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டும் தேதி போய்விடும். ஒரு கையெழுத்து மாறினால் திரும்பவும் முதலிலிருந்து. குழல்பணத்தில் இன்று அங்கே சொன்னால் நாளை சாயங்காலம் இங்கே ரூபாய். அதுவும் வங்கி தரும் விலையைவிட ஒரு திர்ஹாமுக்குக் கொஞ்சம் கூடுதலாக. பெரிய தொகையென்றால் ஒரு பத்து ரூபாய் நோட்டின் நம்பரை அடையாளமாக வைத்துக்கொள்வார்கள். அந்த நோட்டைக் காட்டுகிறவனுக்குத்தான் கட்டு கைமாறும். வீட்டுச் செலவுக்கு வரும் சில ஆயிரங்களுக்கு அதெல்லாம் கிடையாது. வந்தவன் வாசலில் வண்டியை அணைக்காமலே வீட்டுப் பெயரைக் கேட்பான், மடித்துவைத்த காகிதத்தில் பெயரை அடிப்பான், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவான். எங்கள் வங்கியில் யாரும் அவ்வளவு மரியாதையாகப் பணம் கொடுத்ததில்லை.

இங்கேதான் அப்பா யோசிக்காத ஒன்று இருக்கிறது. மாமா அனுப்பிய பணம் உங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அவர் கொடுத்த திர்ஹாம் ஷார்ஜாவிலேயே நின்றுவிட்டது. உங்கள் வீட்டுக்கு வந்தது வேறு யாரோ ஒருவருடைய ரூபாய்.

அந்த யாரோ யார் என்பதுதான் விஷயம். ஏஜென்ட் பல தொழிலாளிகளிடம் வாங்கிய திர்ஹாமைச் சேர்த்து, வெளிநாட்டில் பணம் தேவைப்படும் இந்தியர்களிடம் கொடுப்பான். தங்கம் கடத்துகிறவனுக்கு துபாயில் தங்கம் வாங்க திர்ஹாம் வேண்டும். இறக்குமதிச் சரக்கின் விலையைக் குறைத்துக் காட்டிச் சுங்க வரியை ஏய்க்கும் வியாபாரிக்கு, மீதியை மறைவாகக் கட்ட அந்நியப் பணம் வேண்டும். லஞ்சம் வாங்கியவருக்கு அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும். இவர்கள் எல்லோரிடமும் இங்கே கணக்கில் வராத ரூபாய் கட்டுக்கட்டாக இருக்கிறது. அவர்களுடைய ரூபாய் உங்கள் வீட்டுக்கு வருகிறது, உங்கள் மாமாவின் திர்ஹாம் அவர்களுக்குப் போகிறது. தங்கம் கரிப்பூர் விமான நிலையத்திலோ திருவனந்தபுரத்திலோ இறங்கி, பில் இல்லாமல் விற்று, ரூபாயாக மாறி, மறுபடி பைக்கில் ஏறும். வெயிலில் நின்று சம்பாதித்த சுத்தமான பணம்தான் இந்தச் சக்கரத்துக்கு எண்ணெய்.

இந்தப் பணத்துக்கு வாயில்லை என்பதற்கு ஒரு உதாரணம். 2021 ஏப்ரலில், கேரள சட்டமன்றத் தேர்தல் சமயம், திருச்சூர் மாவட்டம் கொடகரையில் நெடுஞ்சாலையில் ஒரு காரை மறித்துக் கொள்ளையடித்தார்கள். போலீசில் கொடுத்த புகாரில் போனது 25 லட்சம் என்று இருந்தது. விசாரித்துப் பார்த்தால் மூன்றரைக் கோடி. தன்னிடமிருந்து திருடு போனதிலேயே பெரும்பகுதியை மறைக்க வேண்டிய நிலைமை, பாருங்கள்.

இனி "வெள்ளைக்காரன் சொன்னான்" என்பதற்கு வருகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. 1988-இல் வியன்னாவில் ஐநாவின் போதைப்பொருள் ஒப்பந்தம். மறுவருஷம் ஜி7 நாடுகள் பாரிஸில் கூடி எஃப்ஏடிஎஃப் என்ற அமைப்பை உண்டாக்கின. பணம் எந்த வழியாகப் போகிறது என்று ஒவ்வொரு நாடும் கண்காணிக்க வேண்டும் என்பது அதன் விதி. சரியாகச் செய்யாத நாடு சாம்பல் பட்டியலுக்குப் போகும். போனால் உலக வங்கிகள் அந்த நாட்டு வங்கிகளோடு கொடுக்கல் வாங்கலுக்கு ஆயிரம் கேள்வி கேட்கும். இலங்கை 2017-இலிருந்து 2019 வரை அதில் கிடந்தது. பாகிஸ்தான் 2018-இலிருந்து 2022 வரை. ஏழை நாடுகளுக்கு மட்டும்தான் இந்தத் தண்டனை என்று நினைக்க வேண்டாம். மாமா வேலை பார்த்த அமீரகமே 2022 மார்ச்சிலிருந்து 2024 பிப்ரவரி வரை அந்தப் பட்டியலில் இருந்தது.

நம் பிஎம்எல்ஏ மசோதா 1998-இல் மக்களவைக்கு வந்தது. 2002-இல் நிறைவேறி, 2005 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. யாரோ துப்பாக்கி காட்டி அவசரமாகப் போடவைத்த சட்டம் இவ்வளவு ஆற அமர வராது. ஆனால் 2010-இல் எஃப்ஏடிஎஃபில் உறுப்பினராகச் சேருவதற்கு முந்தைய வருஷம் சட்டத்தைத் திருத்தினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. போதைக்காக வந்த சட்டம் உங்கள் அக்கா மகன் வரை நீண்டது அப்போதுதான். மோசடிக்கான 420-ஆம் பிரிவு 2009 திருத்தத்தில், இந்தச் சட்டம் எந்தெந்தக் குற்றங்களுக்குப் பொருந்தும் என்ற பட்டியலுக்குள் நுழைந்தது. அன்று முப்பது லட்சத்துக்கு மேல் இருந்தால்தான் செல்லும் என்று ஒரு வரம்பு இருந்தது. 2013-இல் அந்த வரம்பும் போனது. வக்கீல் சொன்னது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதே பட்டியலில் சுங்கச் சட்டத்தின் கடத்தல் பிரிவு இருக்கிறது, ஃபெமா இல்லை. அதாவது வங்கியைத் தவிர்த்துக் குடும்பச் செலவுக்குப் பணம் வாங்கியது மட்டும் இந்தச் சட்டத்துக்குள் வராது. அதன் மறுமுனையில் உள்ள தங்கக்காரன் வருவான். இந்தப் பிரிவினையை எழுதியவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள், அதற்கு என் பாராட்டு.

தேவையா என்று கேட்டீர்கள். தேவைதான். ஆனால் டிவியில் காட்டும் ரெய்டுக்காக இல்லை. இந்தச் சட்டத்தின் வேலை செய்கிற பகுதி வங்கி கவுண்டரில் இருக்கிறது. ஒரே நாளில் 50,000-க்கு மேல் ரொக்கம் கட்டினால் பான் எண் வேண்டும் என்பது அன்றைய வருமான வரி விதி. அதனால் 49,500, மறுநாள் 49,000, இன்னொரு கிளையில் 49,900 என்று கட்ட வருவார்கள். எங்கள் பக்கம் ஒருவர் மூன்று மருமகன்களைக் கூட்டிக்கொண்டு வந்து, நால்வரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல வரிசையில் தள்ளித்தள்ளி நிற்பார்கள். நால்வர் பையிலும் ஒரே ரப்பர் பேண்ட், ஒரே மாதிரி பின் அடித்த கட்டு. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பென்றால் அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி. சட்டத்துக்குப் பிறகு பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கத்தையும், ஒரு மாதத்துக்குள் ஒன்றோடொன்று தொடர்புள்ளதாகப் பிரித்துக் கட்டிப் பத்து லட்சத்தைத் தாண்டுவதையும் டெல்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு எழுதியே ஆகவேண்டும். தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், சந்தேகமாகப் பட்டால் அதற்குத் தனி அறிக்கை. வாடிக்கையாளரிடம் மூச்சு விடக்கூடாது. இது பேப்பரில் வராது. ஆனால் கட்டுக்கட்டாக வைத்திருப்பவன் பயப்படுவது இதற்குத்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் அந்த பைக் குறைந்ததற்கு முதல் காரணம் எந்தத் தண்டனைப் பிரிவும் இல்லை. 1993 மார்ச்சில் டாலருக்குச் சந்தை விலை ஒன்றே என்று ஆக்கினார்கள், வங்கி விலைக்கும் குழல் விலைக்கும் நடுவே இருந்த பள்ளம் தூர்ந்தது. அப்புறம் எல்லாக் கிளைகளையும் கணினியில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்தது, பணம் வர டிராஃப்டும் தபாலும் தேவையில்லை என்றானது. உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் அவர்களாகவே வங்கிக்கு வந்துவிட்டார்கள். ஒளிக்க வேண்டியவர்கள் மட்டும் அங்கே தங்கிவிட்டார்கள். நேர்மையான பணத்துக்கு நேர்வழியைச் சுலபமாக்கிக் கொடுத்த பிறகு போடும் சட்டம்தான் ஒளிகிறவனைத் தனியாகக் காட்டும். அமீரகத்தில் மத்திய வங்கியில் பதிவு செய்துகொண்டு ஹவாலா நடத்தவே அனுமதி இருக்கிறது, கணக்கு மட்டும் காட்ட வேண்டும். நாம் அந்த அளவுக்குப் போகவேண்டுமா என்பது வேறு பேச்சு.

தங்க வரியையும் பாருங்கள். 2022 ஜூலையில் இறக்குமதி வரியை 15 சதவீதமாக ஏற்றினார்கள். கிலோவுக்கு ஆறேழு லட்சம் மிச்சம் என்றால் வயிற்றில் விழுங்கிக்கொண்டு வர ஆள் கிடைக்காமலா போகும்? 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை 6 சதவீதமாகக் குறைத்தார்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு இன்னொரு கையால் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தோன்றும்.

சட்டத்தின் கடுமையான பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. 45-ஆம் பிரிவில் பிணை கேட்டால், ஆள் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக விசாரணைக்கு முன்பே நீதிபதிக்குத் திருப்தி வரவேண்டும். 2017-இல் உச்ச நீதிமன்றம் இதை அடித்துப் போட்டது. மறுவருஷம் அரசு திருத்தி உயிர் கொடுத்தது. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சரியென்றது. அதே மாதம் மக்களவையில் அரசு கொடுத்த கணக்கு: அந்த வருஷம் மார்ச் வரை பதிவானவை 5,422 வழக்குகள், குற்றப்பத்திரிகை போனவை 992, தண்டனை பெற்றவர்கள் 23 பேர். வழக்கு நடத்தித் தண்டிப்பதைவிட, வழக்கு முடியும்வரை உள்ளே வைப்பதே தண்டனையாகிவிட்டது. பணம் எந்தக் குற்றத்தில் வந்ததோ அந்த மூல வழக்கு நிற்காவிட்டால் இந்த வழக்கும் நிற்காது. அது ஏதோ ஒரு காவல் நிலையத்தில் தூசி படிந்து கிடக்கும்போது இது எப்படி நகரும்? 2024 செப்டம்பரில் வந்த எஃப்ஏடிஎஃப் அறிக்கைகூட இந்தத் தாமதத்தைத்தான் குத்திக் காட்டியது. புதிய பிரிவுகள் போதும். நீதிமன்றமும் அரசு வக்கீலும்தான் போதவில்லை.

கடைசியாக உங்கள் அக்கா மகன். மூன்றாம் பிரிவில் "தெரிந்தே உதவுவது" என்ற நிபந்தனை இருக்கிறது. மொத்தத் தொகை ஒரு கோடிக்குக் குறைவென்றால் 45-ஆம் பிரிவின் பிணைக் கட்டுப்பாட்டிலிருந்து நீதிமன்றம் விலக்கு தரலாம். இப்போதைக்கு அமலாக்கத்துறையைப் பற்றி அக்கா கவலைப்பட வேண்டாம். கவலை சைபர் போலீஸ் வழக்கு. எவனோ ஒரு பென்ஷன்காரரை ஏமாற்றிய பணம் இவன் கணக்கில் விழுந்திருக்கும், நிமிஷங்களில் வேறெங்கோ போயிருக்கும். கார்டைக் கொடுத்ததோடு நின்றானா, இல்லை தானே ஏடிஎம்மில் போய் எடுத்துக் கொடுத்தானா என்பதைப் பையனிடம் தனியாக, அக்கா இல்லாதபோது கேளுங்கள். பதிலைப் பொறுத்து வழக்கு மொத்தமும் மாறும்.

கிளைக்குப் போய் எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண் என்று எழுதி வாங்குங்கள். முழு ஸ்டேட்மென்ட் எடுங்கள். குற்ற வழக்கு நடத்தும் வக்கீலை வைத்து, நோட்டீஸ் வந்தால் தவறாமல் பதில் கொடுங்கள். "கணக்கைத் திறந்து தருகிறேன்" என்று காசு கேட்கிறவனை வாசல்படி ஏற்றாதீர்கள். அவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருக்க வாய்ப்புண்டு. கணக்கைக் கேட்ட பையனோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சுதான் உங்கள் மருமகன் கையிலுள்ள ஒரே சாட்சி. பயத்தில் அதை அழித்துவிடுவதற்கு முன்னால் இன்றைக்கே போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி